மூன்றுக்கு மேல் வீசாத காற்று

"அக்கா, காத்தைக் கைது பண்ண முடியுமா?" என்று கேட்டான் குண்டூசி.

"முதல்ல உன் வாயைக் கைது பண்ணணும். நட," என்றாள் தராசு.

பெயர்தான் குண்டூசி. ஆள், இரண்டு சிமென்ட் மூட்டையை ஒன்றாகக் கட்டி நிமிர்த்தி வைத்தது மாதிரி இருப்பான். தராசு அவனுடைய முதலாளி. துப்பறியும் தொழிலுக்கு வருமுன் எடைமேடையில் லாரி நிறுத்துக்கொண்டிருந்தவள். யார் பேசினாலும் அதில் சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவாள்.

துறைமுகத்தின் சரக்கு முற்றத்தில் அவர்களுக்கு முன்னால் செருப்புத் தேய ஓடிக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளை. வழக்கைக் கொண்டுவந்தவன் அவன்தான். ஒரு காலத்தில் இதே துறைமுகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தான். இங்கே கிரேன் ஓட்டுகிற உச்சாணியைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றிலிருந்து வாசல் காவலாளி முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. வேலையை விட்டுவிட்டு போன் ரிப்பேர் கடை வைத்த பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை.

வழக்கு இதுதான். போன வாரம் உச்சாணி இறக்கிக்கொண்டிருந்த கன்டெய்னர் பெட்டி, நடுவானில் ஊஞ்சலாடி, லாரியின் மேல் உட்கார வேண்டியது துறைமுக ஜி.எம்.மின் புதுக் காரின் மேல் உட்கார்ந்துவிட்டது. காருக்குள் யாருமில்லை. கார் நிற்கக் கூடாத இடத்தில்தான் நின்றது. அதை ஜி.எம்.மிடம் சொல்ல யாருக்கு நெஞ்சில் உரம்? திடீரென்று பெருங்காற்று அடித்தது என்றாள் உச்சாணி. காற்றே இல்லை, உன் கவனம்தான் இல்லை என்றது அலுவலகம். இன்று மூன்று மணிக்கு விசாரணை. தோற்றால் அவளுடைய உரிமம் ரத்து. அப்புறம் எந்தத் துறைமுகத்திலும் கிரேன் ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள்.

"அவளுக்குத் தரையில இருப்பே கொள்ளாது மேடம்," என்றான் மாப்பிள்ளை மூச்சு வாங்க. "ஒரு வாரமா மொட்டை மாடியிலயே உக்காந்திருக்கா. சாப்பாடுகூட மேலதான் போகுது."

"வாளியில வெச்சுக் கயித்துல தூக்கறாங்களா?" என்றான் குண்டூசி.

"ஆமா! அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"சும்மா சொன்னேன் சார். தூக்கறவங்க தூக்கிக்கிட்டேதான் இருப்பாங்க."

பாதுகாப்பு அதிகாரி முற்றத்திலேயே அகப்பட்டார். சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் இஸ்திரி. கையில் டேப்லெட், தலையில் வெள்ளைத் தொப்பி.

"காத்து விஷயத்துல பேச்சுக்கே இடமில்ல," என்று தொடங்கினார். "வானிலை ஆராய்ச்சி நிலையத்தோட சர்வர்ல நிமிஷத்துக்கு நிமிஷம் காத்து வேகம் பதிவாகுது. அதைக் கேக்கறதுக்குன்னே நம்ம துறைமுகத்துக்கு ஒரு வெப் படிவம் வெச்சிருக்கோம். தேதி போடு, நேரம் போடு, பட்டனை அமுக்கு. சர்வர் பதில் சொல்லும். விஞ்ஞானம் மேடம், விஞ்ஞானம்! அன்னைக்கு நாள் பூரா நொடிக்கு மூணு மீட்டரைத் தாண்டவே இல்ல."

"இப்ப என்ன சொல்லுது?" என்றாள் தராசு.

அவர் இரண்டு விரலால் தேதி போட்டார். பட்டனை அமுக்கினார். "இந்தா பாருங்க, கடைசி ஒரு மணி நேரம். ரெண்டு... ஒண்ணரை... ரெண்டே முக்கால். சுகமான தென்றல் வீசுதுன்னு—"

சொல்லி முடிப்பதற்குள் அவர் தொப்பி கிளம்பிவிட்டது. தரையில் ஒரு குட்டிக்கரணம், ஒரு லாரியின் அடியில் ஒரு சுற்று, அப்புறம் நேராகத் தண்ணீரை நோக்கி ஓட்டம். "பிடி பிடி!" என்று இஸ்திரி கத்த, குண்டூசி துரத்தினான். அவன் ஓடினால் பூமிதான் அதிரும், தூரம் குறையாது. மூடியிருந்த தார்ப்பாய் ஒன்று அவிழ்ந்து அவன் முகத்தில் அறைந்தது. தார்ப்பாயோடு அவன் மல்லுக்கட்டி வெளியே வந்தபோது தொப்பி கடலில் மிதந்துகொண்டிருந்தது.

"சார், தென்றல் உங்க தொப்பியைக் குளிக்கக் கூட்டிட்டுப் போயிடுச்சு," என்றான் திரும்பி வந்து. "விஞ்ஞானத்துக்கிட்ட ஒரு புகார் எழுதிக் குடுங்க."

"அது ஒரு... தற்செயல்."

தராசு அவர் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கினாள். விரலால் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் உதடு ஒரு பக்கமாக ஏறியது. குண்டூசிக்கு அந்த உதடு தெரியும். ஏதோ அகப்பட்டுவிட்டது.

"நிமிஷத்துக்கு ஒரு வரின்னு சொன்னீங்களே. இதுல நடுநடுவுல நிமிஷங்களைக் காணோமே? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

"கருவி அப்பப்ப ஓய்வெடுக்கும்."

"எந்தச் சங்கம் போராடி வாங்கிக் குடுத்துச்சு?" என்றான் குண்டூசி.

தராசு விபத்து நாளின் பட்டியலை எடுக்கச் சொன்னாள். வந்தது. உச்சாணி பெட்டியை இறக்கிய அந்தச் சில நிமிடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. கடைவாய்ப்பல் மொத்தமும் போயிருந்தது.

"ஆக, காத்து அடிக்கலைன்னு இந்தப் பட்டியல் சொல்லவே இல்ல," என்றாள். "அந்த நேரத்தைப் பத்தி இது வாயே திறக்கல. பேசாதவனை நீங்க சாட்சியா நிறுத்தியிருக்கீங்க."

இஸ்திரியின் காது சிவந்தது. "மேடம், மூணு மாசமா காத்தால ஒரு நிமிஷம்கூட இங்க வேலை நிக்கல. எனக்குக் கேடயமே குடுத்திருக்காங்க!"

"படிவம் வந்து எத்தனை மாசம்?"

"மூணு... மாசம்."

குண்டூசி நீளமாக ஒரு விசில் அடித்தான். அதையும் காற்று கொண்டுபோனது.

கம்ப்யூட்டர் பிரிவு மாடியில் இருந்தது. உள்ளே குளிர். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் அவளுக்குப் பெயரும் ஹெட்போன்தான். மாப்பிள்ளை விலகிப்போன பிறகு வேலைக்கு வந்தவள்.

"என் பழைய நாற்காலி!" என்று உருகினான் மாப்பிள்ளை.

"முதுகு வலிக்குது அதுல," என்றாள் அவள்.

தராசு விஷயத்துக்கு வந்தாள். "இந்தக் காத்துப் படிவம் எப்படி வேலை செய்யுது? எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா."

"படிவத்துக்குத் தானா ஒண்ணும் தெரியாது மேடம். சர்வர் ஒரு குடோன்னு வெச்சுக்கங்க. படிவம், ஜன்னல்ல நீங்க நீட்டற சீட்டு. கட்டத்துல நீங்க நிரப்பறதையெல்லாம் கோத்து ஒரு நீள முகவரி ஆக்கும். சர்வர் அந்த முகவரியைப் படிச்சுட்டு, கேட்ட சரக்கை எடுத்து நீட்டும். அவ்வளவுதான்."

"சீட்டு நீ எழுதினதா?"

"எங்க மேடம் நேரம்? சார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கக்கிழமை காலையில வேணும்னாரு. பொது ஃபோல்டர்ல யாரோ எப்பவோ போட்ட ஒரு பழைய படிவம் கிடந்துச்சு. அதே சர்வர், அதே காத்து. தலைப்பை மாத்தினேன். துறைமுக முத்திரையை ஒட்டினேன். நீலப் பெயின்ட் அடிச்சேன். ஓடிச்சு."

"உள்ள பிரிச்சுப் பாக்கலையா?"

"ஓடற வண்டியை யாராவது பிரிப்பாங்களா?"

"அது சரி," என்றான் குண்டூசி. "எங்க மாமா அப்படித்தான் ஒரு பழைய வண்டி வாங்கினாரு. நல்லா ஓடிச்சு. நிறுத்தறதுக்குத்தான் ஆறு பேர் வேணும்."

தராசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "விபத்து நாளைக் கேளு. அந்த நீள முகவரியைக் கண்ணுல காட்டு."

ஹெட்போன் தட்டினாள். திரையின் மேல்வரியில் ரயில் மாதிரி ஒரு முகவரி வந்து நின்றது. குண்டூசி அதன் ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்து நகர்ந்தான்.

"இது குடோன் பேரு. இது எந்த நிலையம்னு. இது நாம போட்ட தேதி. இது நேரம். சரி, கடைசியில இது என்ன வாலு? காத்தோட வேகம்... பக்கத்துல ஒரு கூர்மூக்கு... அப்புறம் மூணு."

"மூணுக்குக் கீழன்னு அர்த்தம்," என்றாள் ஹெட்போன். சொன்னவள், முதல் முறையாக ஹெட்போனைக் கழற்றினாள். "இதை யாரு கேட்டா? படிவத்துல இப்படி ஒரு கட்டமே இல்லையே! ஐயோ. மறைவுக் கட்டம். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு தடவையும் சீட்டோட சேர்ந்து போகும். பழைய படிவத்தோடயே வந்திருக்கு. நான் மேல பெயின்ட் அடிச்சிருக்கேன், அது உள்ளயே உக்காந்திருக்கு."

வீடு கட்டுகிற இடத்தில் மணல் சலிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சல்லடையில் கொட்டினால் பொடிமணல் கீழே விழும், கல் மேலே தங்கும். கீழே விழுந்த குவியலை மட்டும் பார்த்தவன், இந்த மணலில் கல்லே கிடையாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். மூன்று மாதமாகத் துறைமுகம் அப்படித்தான் சத்தியம் செய்துகொண்டிருந்தது. சல்லடை மேலே தங்கிய கல்தான், பட்டியலில் விழுந்த பல்.

"வாலை வெட்டு," என்றாள் தராசு.

ஹெட்போன் முகவரியின் கடைசித் துண்டை அழித்தாள். விசையைத் தட்டினாள். பட்டியல் வந்தது. இந்த முறை ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை. நான்கு. ஏழு. பதினான்கு. உச்சாணி சொன்ன அதே நேரத்தில், பத்தொன்பது.

"பத்தொம்பது!" என்று கத்தினான் மாப்பிள்ளை. குண்டூசியைக் கட்டிப்பிடித்தான். பாதிச் சுற்றளவுக்குத்தான் கை எட்டியது. "அவ பொய் சொல்லல! நான் சொன்னேன்ல, அவ பொய் சொல்லவே மாட்டா!"

"ரொம்ப அழகு," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. தொப்பி இல்லாத தலையோடு இஸ்திரி. "கிரேன்காரியோட புருஷன். அவனே பழைய கம்ப்யூட்டர்காரன். அவன் இந்த ரூமுக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச நேரத்துல காத்து ஆறு மடங்கு ஏறிடுச்சு. இதை ஜி.எம். நம்புவாருன்னு நினைக்கறீங்க?"

மாப்பிள்ளையின் கை தளர்ந்து கீழே விழுந்தது.

விசாரணை அறைக்குப் போகும் வழியில் குண்டூசி காதைக் கடித்தான். "அக்கா, சல்லடையை வெச்சது இந்த இஸ்திரிதானே? கேடயம் அவருக்குத்தானே வந்துச்சு?"

"தேதி போடவே அவருக்கு ரெண்டு விரல் வேணும். அவரு அதை உபயோகிச்சுக்கிட்டவரு, செஞ்சவரு இல்ல. நீ இதை யோசி. மூணுக்குக் கீழ காத்து யாருக்கு வேணும்? கப்பலுக்கு வேண்டாம், கிரேனுக்கு வேண்டாம். திருடனுக்குக்கூட இவ்வளவு அமைதி தேவையில்ல."

"கொசுவுக்கு?"

"நட."

விசாரணை அறையில் நீள மேசை, சுவரில் பெரிய திரை. மேசையின் தலைமாட்டில் ஜி.எம். நசுங்கிப்போன காரின் படத்தைத் தன் முன்னால் இறந்தவர் படம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பிரிவுத் தலைவர்கள். ஓர் ஓரத்தில், வேலை உடுப்போடு உச்சாணி. தரையிலிருக்கும் நாற்காலியில் உட்காரத் தெரியாதவள் மாதிரி நுனியில் இருந்தாள்.

இஸ்திரி தன் பட்டியலை வாசித்தார். தராசு தன் பட்டியலை வைத்தாள். இஸ்திரி எழுந்து, "மோசடி!" என்றார். மாப்பிள்ளை எழுந்து, "மோசடி இல்ல!" என்றான். ஜி.எம். மேசையைத் தட்டினார்.

"ரெண்டு பட்டியல். எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க சார்," என்றாள் தராசு. "படிவம் உங்களோடது. விரலும் உங்களோடதா இருக்கட்டும். நாங்க யாரும் கிட்ட வரல. ஒரே ஒரு வேண்டுகோள். நாள் முழுக்கக் கேக்காதீங்க. பல்லு விழுந்த அந்தச் சில நிமிஷத்தை மட்டும் கேளுங்க. அப்புறம் முகவரியோட வாலை வெட்டிட்டு மறுபடி அதையே கேளுங்க. என்ன வருதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

"மூணு மாசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல," என்று முணுமுணுத்தாள் கூடவே வந்திருந்த ஹெட்போன். "எப்பவும் முழு நாளைத்தான் கேப்பாங்க. முழு நாள்ல எப்படியும் நாலு வரியாவது வந்துடும்."

ஜி.எம். கண்ணாடியைச் சரிசெய்தார். நேரத்தை நிரப்பினார். பட்டனை அமுக்கினார்.

பட்டியல் வரவில்லை. திரையின் நடுவில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி விரிந்தது. ஜி.எம். அதை உரக்க வாசித்தார். எதையும் உரக்க வாசிப்பது அவர் பழக்கம்.

"'பட்டாசு, இன்னைக்கு ஒரு நிமிஷம்கூடக் காத்து அடங்கல. பந்தாட்டம் வேண்டாம். டீ குடிக்க வர்றியா? ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்.'"

பிரிவுத் தலைவர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஆராய்ச்சி நிலையம் அனுப்பினதா?" என்றார் ஜி.எம். குரல் தடுமாறி.

"விஞ்ஞானம் சார், விஞ்ஞானம்," என்றான் குண்டூசி.

"யாரிந்தப் பட்டாசு?" என்று அதட்டினார் ஜி.எம். எல்லோரும் ஹெட்போனைப் பார்த்தார்கள். "என்னை அப்படிக் கூப்பிட்டவன் இன்னும் பொறக்கல," என்றாள் அவள். எல்லோரும் இஸ்திரியைப் பார்த்தார்கள். இஸ்திரி தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

தராசு யாரையும் பார்க்கவில்லை. நேராக மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். அவன் மேசைக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தான். முக்கால்வாசி இறங்கிவிட்டான்.

"மேல வாங்க தம்பி. இவ்வளவு நாள் தொழில்ல, குத்தவாளியே எங்களைக் கூலிக்கு வெச்சுத் தன்னைத் தேடச் சொன்னது இதுதான் முதல் தடவை."

"சத்தியமா மறந்தே போச்சு மேடம்!" தலை மட்டும் வெளியே வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சது. ஒரு வரிகூட வரலைன்னா இந்தச் செய்தி வர்ற மாதிரி வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன்னுதான் நினைச்சேன். நீலப் பெயின்ட்ல எனக்கு அடையாளமே தெரியல."

ஜி.எம். எழுந்தார். "ஆக, சல்லடை வெச்சது நீ! காரை நசுக்கினது இவ! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என் காரை..."

"சார், உக்காருங்க," என்றாள் உச்சாணி.

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே கத்திப் பழகிய குரல். ஜி.எம். உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பட்டாசு நான்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பின்பக்கத் திடல்ல நாங்க ரெண்டு பேரும் இறகுப்பந்து ஆடுவோம். இவரு தினமும் தோத்துப் போவாரு. தினமும் காத்து மேல பழி போடுவாரு. அதனால காத்தே இல்லாத நிமிஷமாப் பாத்துப் பொறுக்கி எடுக்க ஒரு படிவம் செஞ்சாரு. அப்பவும் தோத்தாரு, அது வேற கதை. பந்தாட்டத்துக்குச் செஞ்ச படிவத்துக்குப் பெயின்ட் அடிச்சு கிரேனுக்குக் கட்டினது யாரு? இவரா?"

அவள் இஸ்திரியின் பக்கம் கை நீட்டினாள்.

"அன்னைக்கு நான் மேலயிருந்து வயர்லெஸ்ல சொன்னேன். காத்து ஏறுது, வேலையை நிறுத்தறேன்னு. கீழயிருந்து என்ன பதில் வந்துச்சுன்னு அவரையே கேளுங்க."

இஸ்திரியின் சட்டை மடிப்பு கசங்குவதை எல்லோரும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். "படிவத்துல... மூணுதான் இருக்கு... இறக்குன்னு சொன்னேன்."

ஜி.எம். திரையின் பக்கம் திரும்பினார். பிறகு தானே குனிந்து, முகவரியின் வாலைத் தன் கையாலேயே வெட்டினார். விசையைத் தட்டினார். பதினான்கு. பதினேழு. பத்தொன்பது. அவர் கார் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"கார் நின்ன இடத்தைப் பத்தியும் ஒரு விசாரணை வெச்சுடலாமா சார்?" என்றாள் தராசு பவ்யமாக.

"வேண்டாம், வேண்டாம்! உரிமம் அப்படியே இருக்கும். எழுதிக்கங்க." அவசரமாகச் சொன்னார். பிறகு மெதுவாக, "படிவத்தைச் சரி பண்ற வரைக்கும் காத்து எவ்வளவுன்னு யாரைக் கேக்கறது?"

"சரி பண்ணின அப்புறமும் மேல இருக்கறவங்களைக் கேளுங்க சார். அவங்க நிறுத்துன்னா நிறுத்துங்க."

ஜி.எம். தலையாட்டினார். "இன்னைக்கு?"

உச்சாணி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். மேசை மேலிருந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றாகக் கிளம்பி அறை முழுக்கப் பறந்தன. "நிறுத்துங்க," என்றாள். ஜி.எம். வயர்லெஸ்ஸை எடுத்தார். வெளியே ஒவ்வொரு கிரேனாகக் கையை உயர்த்தி நின்றது.

குண்டூசி காகிதங்களுக்குப் பின்னால் பாய்ந்துகொண்டிருந்தான். தராசு பைக்குள் தன் மூக்குக் கண்ணாடியை வைத்தாள். பிரிவுத் தலைவர்கள் எழுந்தார்கள். ஆனால் யாரும் போகவில்லை, ஏனென்றால் உச்சாணி மேசைக்கு அடியில் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் செய்தி எனக்கு வரவே இல்லையே?"

"எப்படி வரும்?" என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல். "தினமும் ஒரு நிமிஷமாவது காத்து அடங்கிடும். படிவம் அதைக் காட்டிடும். நீ மட்டையைத் தூக்கிட்டு வந்துடுவ. கேக்க வாய்ப்பே கிடைக்கல."

"அதனாலதான் நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு காத்திருந்து, கடைசியில வெக்கத்தை விட்டு நானே கேக்க வேண்டியதாப் போச்சா?"

"...ஆமா."

உச்சாணி அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். ஒரு பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்குவது போல, இங்கும் அங்கும் இடிக்காமல், அவனை நேராக மேலே எடுத்து நிறுத்தினாள்.

"இன்னைக்குத்தான் காத்து அடங்கலையே. இப்பக் கேளுங்க."

மாப்பிள்ளை ஜி.எம்.மைப் பார்த்தான். ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேளுப்பா, நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்," என்றார்.

"பட்டாசு..." அவன் கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டான். "என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள், எடை பார்ப்பது போல.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "முதல்ல டீ வாங்கிக் குடுங்க."